அக்கா இறக்கிய வாள்

ஹைதராபாத் கச்சிபௌலியில் அக்கா வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு மரவாள் தொங்குகிறது. வெள்ளிப் பெயிண்ட் பாதி உதிர்ந்துவிட்டது. கைப்பிடியில் சுற்றிய சிவப்புத் துணியும் வெளுத்துப்போய்விட்டது. அத்தனை அழகான வீட்டில் இது எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்துகொள்ளும்.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. தெலுங்கும் உருதுவும் கலந்ததுதான் எங்கள் வீட்டுத் தமிழ். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் ‘நக்கோ’ என்றுதான் முதலில் வரும். அப்பாவுக்கு நாடகம் என்றால் உயிர். நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் வட்டாரத் தமிழர்கள் நடத்திய நாடக மன்றத்தில், கொலைசெய்யக் கிளம்பும் மகனைத் தடுக்கும் தகப்பனாக நடித்தார். “வேண்டாம் மகனே, வேண்டாம்!” என்று கதற வேண்டிய இடத்தில், “நக்கோ மகனே, நக்கோ!” என்று கதறிவிட்டார். அரங்கமே கொல்லென்று சிரித்தது. அடுத்த வசனம் மறந்துபோய், இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துத் துடைத்து அப்படியே நின்றார் மனுஷன். அதோடு விட்டார்களா? மன்றத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து, தமிழ் வாயில் நுழையாதவர்களுக்கு இந்த மேடையில் இனி இடமில்லை என்று அறிவித்தார். அன்று இறங்கிய அப்பா மறுபடி மேடை ஏறவே இல்லை. அந்தச் செயலாளரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல வருஷம் கழித்து அதே மன்றம் பழைய துன்பியல் நாடகம் ஒன்றை எடுத்தது. அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய ராஜா. செத்தவனின் மகனான இளவரசன் பழிவாங்க வேண்டும். பையன்கள் எல்லாம் ஷிப்ட், ஆபீஸ் என்று நழுவிவிட, இளவரசன் வேஷம் அக்காவுக்கு வந்தது. ராஜா யார் தெரியுமா? சாட்சாத் அந்தச் செயலாளர்!

“அந்தாளோடவா நடிக்கப் போற? வெக்கமா இல்ல?” என்று சண்டைக்குப் போனேன்.

“அப்பாவோட மேடைடீ அது. நான் ஏறுவேன்” என்றாள் அக்கா. கச்சிபௌலி டிராஃபிக்கில் கம்பெனி பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் முணுமுணுத்து, தன் வசனம் மட்டுமல்ல, நாடகம் முழுவதையுமே மனப்பாடம் செய்துவிட்டாள்.

ராஜா தன் பாவத்தை எண்ணித் தனியாக மண்டியிட்டுக் கடவுளிடம் புலம்புவான். பின்னால் வாளை ஓங்கியபடி இளவரசன் வருவான். வெட்ட முடியாமல் தயங்கித் திரும்புவான். அதுதான் காட்சி. நாடகத்தன்று மாலை செயலாளர் மண்டியிட்டு இரண்டு வரி சொன்னார். அப்புறம் பேச்சில்லை. மறந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கைகள் பட்டு அங்கியைத் துடைக்க ஆரம்பித்தன. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்! அக்கா வாயைத் திறக்காமல் நின்றால் போதும், கணக்குத் தீர்ந்தது. யாரும் அவளைக் குறைசொல்லவும் முடியாது.

ஓங்கிய வாள் இறங்கவில்லை. அரங்கம் அதை நடிப்பு என்று நினைத்திருக்கும். பிறகு வாள் மெல்ல இறங்கி அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அதன் மறைவில் அவள் உதடுகள் அசைவதை நான் பார்த்தேன். செயலாளர் திடுக்கிட்டு, வசனத்தைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவர் அழுத அழுகை ஒத்திகையில் இல்லாதது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திரை விழுந்ததும், செயலாளர் அரிதாரம் வழியும் முகத்தோடு வந்து அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்…”

“நக்கோ சார், நக்கோ. விடுங்க” என்றார் அப்பா. சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அக்காவை விடவில்லை நான். “எதுக்குச் சொல்லிக் குடுத்த?”

“நிக்கட்டும்னுதான் நெனச்சேன்டீ. ஆனா கையத் தொடச்சாரு பாரு, அப்பா நின்ன மாதிரியே இருந்துச்சு. என்னால பாக்க முடியல.”

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இவள் என் அக்கா என்று ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த அக்காவின் அலுவலகத் தோழியும் அந்த வாளைப் பார்த்துச் சிரித்தாள். “இத வெச்சு யாரக் கொன்ன?”

அக்கா பதில் சொல்வதற்குள், சோபாவில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரையும் கொல்லலம்மா. அதனாலதான் மாட்டி வெச்சிருக்கோம்.”