செங்கம்மாள் ஷிப்டுக்குப் போட்ட சாம்பிராணி

காலை ஐந்தே காலுக்கு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "கல்பனா பூட்டாடா" என்றான். கல்பனா என் அண்ணி.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வந்தபின் வீட்டில் எல்லாரும் அண்ணியின் பொறுமையைப் பற்றியே பேசினார்கள். அண்ணிக்குப் பொறுமை கிடையாது. வாதம் செய்வதில் ருசி கண்டவள். அதைச் சொல்லாவிட்டால் வேறு யாரையோ பற்றிச் சொன்னதாகிவிடும்.

காக்களூரில் பிஸ்கட் பாக்கெட் போடும் ஒரு சின்ன யூனிட்டில் அவளுக்குக் காலை ஷிப்ட். அதே இடத்தில் எனக்கு ஆபீஸ் வேலை.

மதிய ஷிப்டில் செங்கம்மாள் புதிதாகச் சேர்ந்தாள். கணவனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வந்த முதல் நாளே பேக்கிங் மிஷின் நின்றது. "அந்தம்மா ராசி" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் அவள் ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் சின்னதுரை மிஷினைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினார். அன்றும் நின்றது. சாம்பிராணி தினசரி ஆனது. மிஷினும் தினசரி நின்றது. நிற்க நிற்கப் புகையும் கூடியது. மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் அண்ணி சின்னதுரையை மறித்து, செங்கம்மாளை நிறுத்தக் கூடாது என்றாள்.

"நீ அவுங்க பிரெண்டு. அப்டிதான் பேசுவ" என்றார் அவர்.

"பிரெண்டுதான் சார். அதுக்காக நான் சொல்றது பொய்யாப் பூடுமா? அந்தக்கா ஷிப்ட்லதான் மிஷின் நிக்குது, ஒத்துக்கறேன். ஆனா அந்தக்கா கூடவே தெனமும் இன்னா வருது?"

"இன்னா வருது?"

"உங்க சாம்பிராணி."

சிரிப்பு எழுந்தது. அண்ணி விடவில்லை. "நாளைக்கு அதை எங்க ஷிப்டுக்குப் போடுங்க. அந்தக்காவுக்கு வோணாம்."

"ஐயோ, எங்களுக்கு வோணாம் சார்! எங்க மிஷினும் நின்னுடும்!" என்று கத்தினாள் அண்ணியோடு வேலை செய்யும் ஏஞ்சலின்.

"ஏன்டி நிக்கணும்? நல்லதுக்குத்தானே போடறாங்க?"

ஏஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னதுரையே சிரித்துவிட்டார். "சரி, போட்டுப் பாப்போம்."

மறுநாள் காலை ஷிப்டுக்குப் புகை. டீக்கு முன்னாலேயே மிஷின் நின்றது. மிஷின் நின்றதற்குக் கைதட்டியவள் அந்த யூனிட்டில் அண்ணி ஒருத்திதான். மெக்கானிக் திறந்து பார்த்தார். பாக்கெட்டைப் பார்க்கும் சென்சார் கண்ணாடியில் புகை பிசுபிசுவென்று படிந்திருந்தது. இரவில் துடைத்து மூடுவதால், காலையில் அது சுத்தமாகவே இருந்து வந்திருக்கிறது. துடைத்த பிறகு, மதியம் செங்கம்மாள் ஷிப்ட் முழுக்க மிஷின் நிற்காமல் ஓடியது.

"போதும்மா, ஜெயிச்சிட்ட" என்றார் சின்னதுரை.

"ஒருநாள் ஓடினா போதுமா? மொத நாள் நின்னதும் ஒரே நாள்தான சார்? அதை வச்சித்தான இவ்ளோ பேஜாரு? ஒரு வாரம் பாருங்க."

வாரம் முழுவதும் ஓடியது. செங்கம்மாள் இன்றும் அதே மிஷினில்தான் நிற்கிறாள். இப்போது அந்த ஷிப்டுக்கு அவள்தான் லீடர். புதிதாக வருபவர்களிடம் இந்தக் கதையை அவளே சொல்கிறாள், அந்த வாரத்தின் கடைசி நாள் அண்ணி ஜெயித்த மிடுக்கோடு நடந்து வந்த தோரணையை நடித்தும் காட்டுகிறாள்.

சாம்பிராணியே கூடாதென்று அண்ணி சொன்னதில்லை. வருகிற ஆயுத பூஜைக்குத் தாராளமாகப் போடட்டும் என்று சென்சாருக்கு ஒரு துணி உறை தைக்க ஆரம்பித்திருந்தாள். அதில் ஒரு பக்கம் இன்னும் தைக்கவில்லை.