படிக்கட்டுக் கேட்டின் சாவி

எங்கள் தெருவுக்குக் கீழே மலைச்சரிவில் திறந்த பாருக்கு ‘மனமகிழ் மன்றம்’ என்று பெயர். கொட்டை எழுத்தில் பலகை எழுதி, பக்கத்தில் ஒரு கேரம் போர்டு படமும் வரைந்திருந்தார்கள். உறுப்பினர்கள் கூடி விளையாடிப் பொழுது போக்குவதற்காம் அந்த லைசென்ஸ். உறுப்பினர் ஆக வாசலில் பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயரையும் சரியாகச் சொல்கிற நிலையில் எல்லோரும் வருவதில்லை. மத்தியானமே திறந்துவிடுவார்கள் என்றாலும், ஊர் அடங்கிய பிறகுதான் அங்கே மனம் நன்றாக மகிழத் தொடங்கும். யார் மனம் மகிழ்ந்ததோ தெரியாது, எனக்கு வயிறு எரிந்தது.

நான் மன்னவனூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். ராத்திரியெல்லாம் பாரில் அலறுகிற பாட்டைக் கேட்டுவிட்டு, பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றி முட்ட முட்டத் தூங்கிக்கொண்டே போவேன். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு, “டீச்சர், தூங்குறீங்களா?” என்று கேட்ட நாளும் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பயம் வேறு.

என் கணவர் ஜீப் ஓட்டியவர். குடித்தே ஜீப்பை விற்றார், குடித்தே ஈரலையும் கெடுத்துக்கொண்டார். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இனி ஒரு சொட்டுப் பட்டாலும் எங்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா, பிரயோசனம் இல்ல” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் தொடவில்லை. முழங்காலும் போய்விட்டதால் வண்டி ஓட்டுகிற வேலையும் இல்லை. நான் விடியும் முன்னே கிளம்பிவிடுகிறேன் என்று அடுப்படியை அவரே எடுத்துக்கொண்டார். நான் வைக்கிற ரசத்தைவிட அவர் ரசம் நன்றாக இருக்கும் என்பதை இதுவரை அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

பார் வரப்போகிறது என்று தெரிந்ததும் தெருவே கொதித்தது. எங்கள் தெருவின் மேல்முனையில், என் வீட்டை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் பாருக்கும் நடுவே, பொது வழியில் அளந்தால், இவ்வளவு தூரம் இருந்தாக வேண்டும் என்று சட்டம். என் வீட்டுப் பக்கத்திலிருந்து கல் படிக்கட்டு ஒன்று நேராகக் கீழே இறங்கி, பார் வரவிருந்த பழைய பங்களாவின் வாசலில் முடியும். மேலே நின்று எச்சில் துப்பினால் பார் கூரையில் விழும். பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கிற பாய் எங்கள் தெருக்காரர். அவர்தான் முன்னால் நின்று மனு எழுதினார், நகராட்சிக்கு அலைந்தார், திண்டுக்கல் வரைக்கும் போனார். “டீச்சரம்மா, கவலைய விடுங்க. படிக்கட்டுல டேப்பப் போட்டாங்கன்னா சோலி முடிஞ்சது” என்றார்.

அளக்க இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் எல்லோரும் படிக்கட்டின் மேல்முனையில் கூடி நின்றோம். அங்கேதான் அந்தக் கேட் இருந்தது. இரும்புக் கேட், பெரிய பூட்டு.

“இது பொது வழியாங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“ஆமாங்க சார், காலங்காலமா நடக்கிற வழி” என்றார் பாய்.

“அப்பறம் ஏன் பூட்டிக் கெடக்கு? பூட்டுனது யாரு?”

பூட்டியது நாங்கள்தான். சீசன் வந்தால் வெளியூர்க்காரர்கள் படிக்கட்டை மறித்து உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள், பாட்டிலை உடைத்துப் போடுவார்கள், எங்கள் கொல்லையில் ஒதுங்குவார்கள். அதனால் நாங்களே கையெழுத்துப் போட்டு, நகர்மன்றத்தில் கேட்டு, பொது வழி இல்லை என்று தீர்மானம் வாங்கி, என் காம்பவுண்ட் சுவரில் கேட்டைப் பொருத்திப் பூட்டினோம். பூட்டிய அன்று பாய் வீட்டிலிருந்து தெருவுக்கே கேசரி வந்தது. முதல் வீடு என்பதால் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கியது.

“சாவி டீச்சர் வீட்டுலதான் இருக்கு, வெரசா எடுத்தாந்து தொறந்துருவோம் சார்” என்றார் பாய்.

“நீங்க தொறந்தா ஆச்சா? நகர்மன்றத்துல தீர்மானம் போட்டுல்ல மூடியிருக்கு” என்று சொல்லிவிட்டு, அவர்கள் ரோட்டு வழியாக அளக்கப் போனார்கள். எங்கள் ரோடு தேவாலயத்தைச் சுற்றி, பஜாருக்குள் நுழைந்து, இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் கீழே போகும். டேப் தீரத் தீரச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மறுபடி இழுத்து, நடுவில் டூரிஸ்ட் வேன்காரனிடம் திட்டு வாங்கி, ஒரு வழியாகக் கீழே போய்ச் சேர்ந்தார்கள். சட்டம் கேட்டதைவிட எக்கச்சக்கமாகத் தூரம் இருந்தது. நாங்கள் கேட்டு வாங்கிய பூட்டு எங்களையே கவிழ்த்துவிட்டது. யாரைப் போய்த் திட்டுவது?

பார் திறந்த அன்றைக்குச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். ரோட்டு வழியாகப் போவதென்றால் என் கணவர் பஜாரைக் கடக்க வேண்டும். அவரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு அங்கே போக மாட்டார். படிக்கட்டு அப்படியில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். பகலெல்லாம் வீட்டில் தனி ஆள். கீழேயிருந்து பொரித்த மீன் வாசனையும் அந்த இன்னொரு வாசனையும் ஏறி வந்துகொண்டே இருக்கும்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும், சட்டைக் காலரைச் சரி செய்கிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். அவருக்கா தெரியாது? “ஊதவா டீச்சர்?” என்று வாயைக் குவித்துக் காட்டுவார். சிரிப்போம். அவர் சிரிப்பு முடிந்த பிறகும் நான் மூச்சை இழுத்துக்கொண்டுதான் நிற்பேன். இப்படி ஒரு பிழைப்பா என்று எனக்கே அலுத்துப்போகும். ஆனாலும் மறுநாளும் மோந்து பார்ப்பேன்.

லைசென்ஸைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் நாலைந்து பேரோடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். கவுன்சிலரைப் பிடித்துவிட்டாராம். பழைய தீர்மானத்தை ரத்து செய்து படிக்கட்டை மறுபடி பொது வழி ஆக்கிவிடுவார்களாம்.

“நாம முதல்ல கேட்டத் தொறந்து போட்டுறணும் டீச்சரம்மா. சனங்க போக வர இருந்தாத்தானே வழின்னு சொல்ல முடியும்? திரும்ப அளக்க வர்றப்ப இந்தப் பக்கமா டேப்பப் போட்டே ஆகணும். பாருக்குப் பூட்டுதான்.”

அளக்க எப்போது வருவார்களோ, எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரை கேட் திறந்து கிடக்க வேண்டும்.

“சாவி எங்கேயோ தொலைஞ்சு போச்சு பாய்” என்றேன்.

“தொலைஞ்சா என்ன, பூட்ட ஒடச்சுக்கலாம். உங்க சுவத்துல பிடிச்ச கேட்டு, உங்க சம்மதம் இல்லாம கை வைக்கக் கூடாதுன்னுதான் வந்தோம். ஒரு வார்த்த சொல்லுங்க.”

தெருவே ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் பார் வாசலில் விழுந்து கிடப்பவர்களைத் தாண்டி வருகிறார்கள். நியாயம் முழுக்க அவர்கள் பக்கம். என் காரணத்தைச் சொல்லலாம் என்றால் அவர் அடுப்படியில், காது கேட்கிற தூரத்தில் நிற்கிறார். புருஷனை நம்பவில்லை என்று ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுப்படியில் டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தார். முழங்கை வரைக்கும் அரிசி மாவு வெள்ளையாகப் பூசியிருந்தது. கையில் சாவி.

“தொலையலைங்க பாய். அரிசி டிரம்முலதான் கெடக்கு” என்று சொல்லி அவரிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தெனமும் அரிசி அள்ளுறது யாரு டீச்சர்?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சாவியை ஒளித்த அன்றைத் தவிர, அந்த டிரம்மில் நான் கை விட்டதே இல்லை. ஒளித்து வைக்க எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை! ஒவ்வொரு நாளும், நான் பஸ் ஏறிப் போன பிறகு, படி அளந்து அரிசி எடுக்கையில் அது அவர் கையில் பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அரிசிக்குள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்.

பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. அவரே தேங்காய் எண்ணெய் கொண்டுபோய் விட்டு, தட்டித் தட்டித் திறந்தார். பாய் இரண்டு படி இறங்கிப் பார்த்துவிட்டு, கைதட்டிச் சிரித்தார். இவர் சாவியைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

லைசென்ஸ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. அளக்க வருகிறோம் என்கிறார்கள், வரவில்லை. பாட்டு நிற்கவில்லை, என் தூக்கமும் சரியாகவில்லை.

கேட்டைத் திறந்ததற்கு மறுநாள் பள்ளி விட்டு வந்தேன். கேட் அகலத் திறந்து கிடந்தது. யார் யாரோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அடுப்பின் முன்னால் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைக் குவித்தார்.

“ஊதவா டீச்சர்?”

“வேணாங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.