குடிலுக்கு ஆள் சேர்த்த அத்தை

“...போன வருசம் சிரிச்ச வாயெல்லாம் இந்த வருசமும் அங்கதானே இருக்கும். அதனால நான் வரப்போறதில்ல. தெர்மாகோலாச்சு, நீங்களாச்சு” என்று பெரியப்பா சொன்னபோது, நான் அவர் வீட்டுக் கொல்லையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. தப்பு என்னுடையது என்பது மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்பது தெரியவில்லை.

விசயம் இதுதான். வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் குடில் கட்டுவது, விளக்குப் போடுவது என்று கோயில் வேலைக்கு ஆள் வேண்டுமென்று பங்குச் சாமியார் இரண்டு ஞாயிறு கேட்டுப் பார்த்தார். எல்லாரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள். பெயர் கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை. சாமியார் ஊருக்குப் புதுசு. “நீங்க யாரும் சிரமப்பட வேணாம், அரியலூர்ல சொன்னா தெர்மாகோல்ல ரெடிமேடா குடில் வந்துடும்” என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்கு அத்தைதான் தலைவி. “ஒரு வாரம் குடுங்க சாமி, ஆளோட வரேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆள் கூப்பிடப் போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். முதலில் வயர்மேன் மாமா வீடு. வருசா வருசம் கோபுரத்தில் ஏறி ஸ்டார் கட்டுகிறவர். காபியைக் குடித்து முடித்துவிட்டு அத்தை சொன்னாள்: “இந்த வருசம் நீங்க ஏற வேணாம் மாமா. முட்டி வலியாமே. சின்னப் பசங்க யாரையாச்சும் ஏத்திக்கறேன்.”

“எவன் சொன்னான் முட்டி வலின்னு? நான் இருக்கறப்ப அந்தக் கோபுரத்துல எவன் ஏறிடுவான், பாக்கறேன்” என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அடுத்தது பாட்டு டீச்சர் அக்கா. “ஒனக்குத் தொண்டை கட்டிக்கிச்சாமே, நீ பாட வேணாம்மா, ரெஸ்ட் எடு” என்றாள் அத்தை. அந்த அக்கா கரண்டியும் கையுமாக அங்கேயே ஒரு பாட்டை முழுசாகப் பாடிக் காட்டிய பிறகுதான் எங்களை வெளியே விட்டாள். அடுப்பில் என்னவோ தீய்ந்தது.

கூப்பிடப் போன இடத்தில் எல்லாம் எதற்கு வேண்டாம் வேண்டாம் என்கிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. தெருவில் வரும்போது கேட்டேன். “அப்படிச் சொன்னாத்தான்டி வருவாங்க” என்றாள். ஐந்து நாளில் கோயில் கூட்ட, விளக்குப் போட, பாட என்று எல்லா வேலைக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. எனக்கும் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது.

பாக்கி பெரியப்பா ஒருவர்தான். அத்தைக்கு உடன்பிறந்த அண்ணன். ஏசு பிறந்த மாட்டுக் கொட்டகையாகக் குடிலுக்குக் குகை கட்டுவது எங்கள் ஊரில் அவர் கை வேலை. ஏரிக் களிமண்ணைப் பத்து நாள் தொட்டியில் ஊறப்போட்டு, மிதித்துக் குழைத்து, கரைசலில் சாக்கை முக்கி மூங்கில் கூட்டின் மேல் போர்த்துவார். காய்ந்தால் நிசப் பாறை தோற்றுப்போகும். போன கிறிஸ்துமஸ் காலையில் அந்தக் குகை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. “இது மாட்டுக் கொட்டாயா, மண்சரிவா?” என்று யாரோ கேட்க, கோயிலே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். அன்றிலிருந்து பெரியப்பா அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் வராவிட்டால் மற்ற எத்தனை பேர் வந்தாலும் தெர்மாகோல்தான்.

அந்த வாரத்தில் மூன்று முறை அவர் வாசலைத் தாண்டினோம். மூன்று முறையும் அத்தை நடையை எட்டிப் போட்டாள். கடைசி நாள் சனிக்கிழமை, தெருமுனையில் குனிந்து, நன்றாக இருந்த செருப்பு வாரை ரொம்ப நேரம் சரிசெய்தாள். “நீ முன்னாடி போ, தோ வரேன்” என்றாள்.

போனேன். பெரியப்பா கொல்லையில் உட்கார்ந்து சாக்குகளைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொட்டி நிறையக் களிமண் ஊறிக் கிடந்தது. வீட்டுச் சுவர் பூசப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தைக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணலாமென்று நானே சொல்லிவிட்டேன்.

“பெரியப்பா, இந்த வருசம் குடில் கட்ட நீங்க வர வேணாமாம்.”

எவன் சொன்னான் என்று அவர் எழுந்து நிற்பார் என்று பார்த்தேன். அவர் சாக்கை மட்டும் கீழே வைத்தார். “யாரு சொல்லச் சொன்னா, ஒங்க அத்தையா?” என்றார். குரலே எழும்பவில்லை. நான் தலையாட்டினேன்.

பின்னாலேயே வந்த அத்தை காதில் இது விழுந்துவிட்டது. “ஐயோ அண்ணே, அது புள்ள, ஒண்ணும் தெரியாது” என்று ஓடி வந்தாள். அப்புறம் அவள் தலை குனிந்துகொண்டது. “அன்னிக்கு நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. நீங்க வாங்கண்ணே. ஒங்க கை படாம அங்க குடில் இல்ல.”

ஒரு வாரமாக ஊரெல்லாம் வேண்டாம் என்று சொல்லி வந்த அத்தை, வாங்க என்று சொன்ன ஒரே வீடு அதுதான். பெரியப்பா தொட்டிக்குள் கையை விட்டுக் களிமண்ணை ஒரு பிடி பிசைந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார், சிரித்த வாயெல்லாம் அங்கேதான் இருக்கும், நான் வரப்போறதில்ல, தெர்மாகோலாச்சு நீங்களாச்சு என்று.

எனக்கு அழுகை முட்டியது. குடில் என்னால்தான் போயிற்று. பயந்துகொண்டே அத்தையைப் பார்த்தால், அவள் தொட்டியைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். வேண்டாம் என்றால் வருகிறார்கள், வாங்க என்றால் வர மாட்டேன் என்கிறார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“பாப்பா, நின்னு வேடிக்கை பாக்காத. அந்தக் குடத்துல தண்ணி மொண்டா” என்றார் பெரியப்பா. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் இறங்கி, களிமண்ணை மிதிக்கத் தொடங்கினார்.