பத்து மணிக்குத் தட்டிய கதவுகள்

போன வருடம் மாசி மாதம், ஊழியத்தை விட்டுவிடுகிறேன் என்று எங்கள் தலைமைப் போதகருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். என் பிரசங்கத்தைப் போலவே அதிலும் விஷயம் முதல் வரியோடு முடிந்துவிட்டது.

நான் உயிலங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மன்னார்த் தீவில், ஒரு மீனவக் கிராமத்திலுள்ள எங்கள் சபைக் குடும்பங்களைப் பராமரிக்க அனுப்பப்பட்டேன். தினமும் காலை பத்து மணிக்கு வீடு சந்திக்கப் புறப்படுவேன். எங்கள் ஊரில் வயலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து தேநீர் குடிக்கிற நேரம் அது. இங்கோ கதவுகள் சாத்திக் கிடந்தன. நான் விடவில்லை. முற்றத்தில் நின்று சத்தமாகப் பாடினேன்; அதைவிடச் சத்தமாக ஜெபித்தேன். என் குரலை வரம் என்று நான் சொல்வேன். மனைவி வேறு சொல் வைத்திருக்கிறாள்.

எட்டு மாதத்தில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்த ஆண்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். ஆண்களின் கடின இருதயத்தைப் பற்றி மூன்று வாரம் பிரசங்கித்தேன். கேட்டதெல்லாம் பெண்கள். கடைசியில் மனம் உடைந்துபோனது. "ஆண்டவரே, ஒரு கதவையாவது திறவும். இல்லாவிட்டால் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவேன்" என்று மூன்று நாள் உபவாசமிருந்து அழுதேன்.

நான்காம் நாள், நான் முற்றத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கதவு திறந்தது. அந்தோனி அண்ணனின் மனைவி ரீற்றா அக்கா வெளியே வந்து, என்னை வேலிப் படலைக்கு வெளியே கூட்டிப் போனார்.

"பாஸ்டர், ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ அக்கா."

"இவர் ராவெல்லாம் கடல்ல. விடிய வந்து, வலையில நண்டு கழட்டி முடிச்சு, இப்பதான் கண்ணை மூடினவர். நீங்கள் எரிகோ மதிலை விழுத்துற மாதிரி நிண்டு கத்துறியள். முந்தநாள் கட்டிலால விழுந்திட்டார்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறனீங்கள். ஆமென் சொன்னதும் அடுத்த வீட்டுக்கு ஓடிடுவியள்."

கடின இருதயம் யாருடையது என்று அன்றைக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். இரவெல்லாம் வலை போட்டுக் களைத்த சீடர்களிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் எப்படி வந்தார்? விடியற்காலையில், கரைக்கு. முதலில் ஏதாவது அகப்பட்டதா என்று விசாரித்தார். நெருப்பு மூட்டிச் சாப்பாடு வைத்திருந்தார். மற்றப் பேச்செல்லாம் சாப்பிட்ட பிறகுதான். இந்தப் பகுதியில் நான் ஆறு தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு தடவையும் நானே அதைக் கேட்கவில்லை.

மறுநாள் விடியவே மனைவி ஊற்றித் தந்த தேநீரோடு கரைக்குப் போனேன். வேதாகமத்தைத் திறக்கவில்லை. வலையருகே உட்கார்ந்து நண்டு கழற்றினேன். முதல் நண்டே என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது.

அந்தோனி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப கத்துங்கோ பாஸ்டர். இப்ப ஒருதரும் நித்திரை இல்லை."

கரையே சிரித்தது. நானும்தான், கண்ணீரோடு.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மாதம் விரல்கள்தான் ஊழியம் செய்தன. பிறகு ஒரு விடியலில் அந்தோனி அண்ணனே கேட்டார்: "இடுப்பு விடாமக் குத்துது. ஒருக்கா ஜெபிப்பியளோ? சின்னனா."

சின்னதாகவே ஜெபித்தேன். ஆராதனையை மாலை நான்கு மணிக்கு மாற்றினோம். அந்த ஞாயிறு அவர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, முன் வரிசையில் இருந்தார்.

ஊழியம் செய்கிற அன்பானவர்களே, உங்கள் வேலை காய்ந்து கிடந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். ஜனங்களை மாற்றும் என்று மட்டும் கேளாதீர்கள். நான் எங்கே பிழைவிட்டேன் என்றும் கேளுங்கள். பதில் திட்டாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னையே இன்னும் வைத்திருக்கிறவர், உங்களைத் தள்ளிவிடவே மாட்டார்.