பம்பில் கட்டிய கம்பி

கட்டிப்போட்டான் என்று யார் சொன்னது? ரஞ்சிதாவைப் பாஸ்கரன் ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை. அந்தச் செம்புக் கம்பியை அவளே தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள், மறுமுனையை அவளே அடிபம்பில் கட்டினாள். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் எட்டுக் குடும்பமும் கண்ணால் பார்த்தது இது. பார்த்துவிட்டும் கடைசி வீட்டுச் சென்னம்மா வேறு மாதிரி ஊதிவிட்டாள்: "புருஷன் ஆட்டைக் கட்டற மாதிரி கட்டி வெச்சான். அவ அவுத்துக்கினு கடைக்காரன்கூட ஓடிட்டா. போற போக்குல புருஷன் போனையும் ஒடச்சிட்டுப் போயிட்டா."

செல்போன் கடைக்காரர் நாராயணப்பன் பேரன் பேத்தி எடுத்தவர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷன், அவர் எங்கே ஓடுவது? ரஞ்சிதாதான் எங்கே ஓடினாள்? ராயக்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு தினமும் காலை பஸ்ஸில் ஓசூருக்கு வருகிறாள். பாகலூர் ரோட்டில் அவர் கடையில் அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஓடிப்போனவள் விட்ட ஊருக்கே தினமும் வருவாளா? போனாள், அது உண்மை. ஏன் போனாள் என்பது பாஸ்கரனுக்குத் தெரியும், ஆனால் அவன் வாய் திறக்க மாட்டான்.

பாஸ்கரன் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். அவன் முறுக்கிய போல்ட்டைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்று கம்பெனியில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டால் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும். லைன் வீட்டிலும் ஃபேன் கத்தினால் அவன், பம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் அவன். "பாஸ்கரண்ணா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் போதும், தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவான். கல்யாணமாகி மூன்று வருஷமாக ரஞ்சிதா அவன் வீட்டுக்காரியாக இருந்தாள். அதற்கு முன்னால் நாலு வருஷம், கார்களில் வேகம் காட்டுகிற மீட்டருக்குக் கண்ணாடி பொருத்தும் கம்பெனியில் வேலை செய்தவள். அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காததை அவளும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தீபாவளி போனஸில் அவன் விரலால் தொட்டால் நகர்கிற போன் ஒன்று வாங்கினான். லைனிலேயே முதல் டச் போன். பொங்கல் முடிந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து நழுவித் தார் ரோட்டில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது. நாராயணப்பன் கடையில் காட்டினான்.

"பெங்களூருக்கு அனுப்பணும்ப்பா, பத்து நாள் ஆவுது. கண்ணாடி மட்டும்னா நாளைக்கே தருவிச்சுத் தர்றேன். ஆனா மாட்றதுக்கு இங்க ஆளு இல்ல."

வீட்டில் வந்து புலம்பினான். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "கண்ணாடிய வாங்கினு வாங்க. நான் மாட்டறன்."

"இது உங்கப்பா தக்காளிக் கூடை இல்ல புள்ள, தூக்கி அடுக்க."

"வாங்கினு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் பலகை போட்டாள். வளையலைக் கழற்றினாள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். பிறகுதான் அந்தக் கம்பி. உடம்பில் நமக்கே தெரியாமல் ஒரு துளி மின்சாரம் ஓடுமாம், அது போனின் தகட்டைச் சுட்டுவிடுமாம். அதனால் அவள் கம்பெனியில் எல்லாப் பெண்களும் மணிக்கட்டில் ஒரு கம்பியோடுதான் உட்காருவார்களாம். பம்பின் இரும்பு பூமிக்குள் போகிறதல்லவா, அதில் மறுமுனையைக் கட்டினாள். ஒரு சுருக்கு, அவ்வளவுதான். அவளுக்கு எதையும் இறுக்கிக் கட்டுகிற வழக்கம் இல்லை.

பழைய தகர டப்பாவிலிருந்து விரல் நீள ஸ்க்ரூ டிரைவர்கள் வந்தன. அந்த டப்பா வீட்டில் இருந்ததே பாஸ்கரனுக்கு அன்றுதான் தெரியும். பலகையில் கோலமாவால் போனின் வடிவத்தை வரைந்தாள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஒரு ஸ்டிக்கர் பொட்டின் பசையில் ஒட்டி, அது இருந்த மூலையிலேயே வைத்தாள். டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, அதன் அடியை ஓரங்களில் ஒற்றி ஒற்றி, பழைய கண்ணாடியின் பசையை இளக்கினாள். ரிப்பன் போன்ற பட்டையை நகத்தால் நெம்பி எடுத்துப் புதுக் கண்ணாடியைப் பதித்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் போன் மினுக்கென்று விழித்தது.

எட்டு வீடும் கைதட்டியது. பாஸ்கரனும் தட்டினான். ஆனால் அவன் கண் போனில் இல்லை. கடைசித் திருகை அவள் திருகிய விதத்திலேயே நின்றுவிட்டது. இரண்டே விரல், கால் சுற்று. அத்தோடு நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வாசலில் நிற்பவர்கள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "போன் அக்கா இருக்காங்களா?" இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவன் காதில் அது விழும். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் அவனைப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் போன் அக்கா வீட்டுக்காரர்தான?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினான். அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்றான். உப்பு இருந்தது. "வர்றவன் போறவன் எல்லாம் வாசல்ல நிக்கிறான், என்ன வீடா சந்தையா?" என்றான். ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்து நின்ற நாளெல்லாம் அந்த வாசல் அவனுக்குச் சந்தையாகத் தெரியவில்லை.

சங்கதி நாராயணப்பன் காதுக்கும் போனது. அவரே ஆட்டோவில் வந்து இறங்கினார். அவள் மாட்டிய கண்ணாடியைத் தடவிப் பார்த்து "சென்னாகிதே! ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். பையிலிருந்து ஒரு போனையும் புதுக் கண்ணாடியையும் எடுத்தார். பாஸ்கரனிடம் இருந்த அதே மாடல்.

"நம்ம கடைக்கு முக்கியமான ஆளோடது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வருவாரு. இத நீ சரியா செஞ்சு கொண்டாந்துட்டா, திங்கக்கிழமைலேந்து கடையில உனக்கு ஒரு சேர். பெங்களூருக்கு நான் எதையும் அனுப்பறதில்ல. சொதப்பிட்டா, நான் வேற ஆளு பாத்துக்கறேன். பேச்சு ஒண்ணுதான்."

ரஞ்சிதா அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துப் பாடினாள். மூன்று வருஷத்தில் அவள் பாடிப் பாஸ்கரன் கேட்டதில்லை. தனக்காகப் பாடாதவள் யாருடைய நாற்காலிக்கோ பாடுகிறாளே என்று அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

ஞாயிறு வந்தது. பலகை, கோலமாவு, பொட்டு, கம்பி. புதுக் கண்ணாடி உட்கார்ந்துவிட்டது, இரண்டே திருகு பாக்கி. அந்த நேரம் பார்த்து லாரித் தண்ணீர் வந்தது. விட்டால் இனி மூன்று நாள் கழித்துத்தான். ரஞ்சிதா கம்பியை அவிழ்த்துவிட்டுக் குடத்தோடு எழுந்தாள். "தொடாதீங்க, நான் வந்துர்றன்."

தொடாதே என்று அவனிடம் இதுவரை ஒரு போல்ட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஒரு திருகு சரியாகப் போனது. இரண்டாவது நின்றது. நின்றதும் அவன் கை எப்போதும் செய்வதைச் செய்தது, இன்னும் கொஞ்சம் முறுக்கியது. நகம் ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியின் மூலையிலிருந்து குறுக்கே ஒரு கோடு ஓடியது.

வேண்டுமென்றே செய்தானா? இல்லை. கோட்டைப் பார்த்ததும் அடிவயிற்றில் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்ததா? எழுந்தது. அதுதான் அவனால் யாரிடமும் சொல்ல முடியாதது.

போனைக் குப்புற வைத்தான். ரஞ்சிதா குடத்தை இறக்கிவிட்டு வந்து திருப்பிப் பார்த்தாள். பின்னாலேயே சென்னம்மா.

"இன்னா பாஸ்கரு, ஒடஞ்சிக்கிச்சா?"

"நான் என்னத்தக் கண்டேன்? பெரிய வேலைக்காரின்னு எல்லாரும் தலையில தூக்கி வச்சீங்கல்ல, பாருங்க, ஒடச்சு வச்சிருக்கா."

சென்னம்மா உச்சுக் கொட்டிக்கொண்டு போனாள். ரஞ்சிதா அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நட்சத்திர வாய் மழுங்கிப் பள்ளத்தில் புதைந்திருந்தது.

"என் கையில இவ்ளோ பலம் கிடையாதுங்க" என்றாள். சத்தம் போடவில்லை.

அவன் வெடித்தான். "ஆமா, நான்தான்! இப்ப என்ன? எட்டு வருஷமா இந்த லைன்ல என் பேரச் சொல்லிக் கூப்புட்டானுக. இப்ப நான் யாரு புள்ள? போன் அக்கா வீட்டுக்காரன்! நீ கடையில வேற போயி உக்காந்துட்டா, எம்பேரு எனக்கே மறந்து போயிரும்."

"ஒடச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கை தவறும். நான் ஒடச்சன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்க பாருங்க." கையை நீட்டினாள். "உங்க போனக் குடுங்க."

அவனுக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து அவனே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. இது சென்னம்மாவுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

மறுபடியும் மணிக்கட்டில் கம்பி, மறுபடியும் பம்பில் சுருக்கு, மறுபடியும் டம்ளரில் சுடுதண்ணீர். அவன் போனில் தானே ஒட்டிய நல்ல கண்ணாடியைக் கீறல் விழாமல் எடுத்து நாராயணப்பன் கொடுத்த போனில் வைத்தாள். உடைந்ததை அவன் போனில் வைத்தாள். அதிலும் அரைகுறை வேலை இல்லை. ஒவ்வொரு திருகும் அதனதன் இடத்தில், இரண்டு விரல், கால் சுற்று. கோடு விழுந்த கண்ணாடிக்குள் எழுத்து தெரிந்தது, மணியும் அடித்தது. அவன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். அந்த விரல்கள் தன்னுடையவையாக இருக்கக்கூடாதா என்று அப்போதும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே போய்ப் புடவை மாற்றினாள். நாலு துணியை ஒரு பையில் வைத்தாள். அவன் போனை அவனிடம் கொடுத்தாள்.

"எங்க போற?"

"கடைக்கு. அப்புறம் அம்மா வூட்டுக்கு."

"எப்ப வருவ?"

"நீங்க அந்தம்மாகிட்ட போயி யாரு ஒடச்சதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டுப் போன் பண்ணுங்க. அந்தக் கண்ணாடியிலயும் நம்பர் தெரியும்."

கம்பியைக் கையிலிருந்து உருவிச் சுருட்டிக்கொண்டே வந்தாள். பம்பிலிருந்த முனையை அவிழ்க்க அவன் குனிந்தான்; பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் கூட்டினான். சுருக்கு தொட்டதும் கழன்று வந்துவிட்டது. அவள் அதை வாங்கி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கடைசி வீட்டு வாசலில் சென்னம்மா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதா அவள் பக்கம் திரும்பாமல் இரும்புக் கதவைத் திறந்து வெளியே போனாள்.