"நீ" சொல்லத் தெரியாதவள்

அறுபதைத் தொடப்போகும் ஒருவரை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "நீ" என்று கூப்பிடச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சிரித்து மழுப்பினேன். இந்த ஜெர்மன் மருத்துவமனையில் எங்கள் வார்டின் தலைமை நர்ஸ் உர்சுலா. இவர்கள் மொழியில் "டூ" என்றால் நீ, "ஸீ" என்றால் நீங்கள். "இங்கே எல்லோரும் டூதான். அப்போதுதான் சீக்கிரம் ஒட்டுவோம்" என்றார். அன்று முழுக்க என் வாயில் வந்தது ஸீ மட்டும்தான்.

காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ள யாரும் வகுப்பெடுக்கவில்லை. புதிதாக வந்த ஆயாவிடம், "எங்குட்டிருந்து வாரீக? சாப்ட்டீகளா?" என்று கேட்டேன். "ஒக்கூரு தாயி. நீங்க சாப்ட்டீகளா?" என்றார். மத்தியானம் என் புளிச்சாதத்தில் பாதி அவரிடம், அவருடைய கத்தரிக்காய் என்னிடம். வாரீக, சாப்ட்டீக என்கிற அந்த மரியாதை "ஈக"வில்தான் எங்கள் பிரியமே இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு நெருங்கு என்றால் எதை வைத்து நெருங்குவதாம்?

ஐந்தாம் மாதம் உர்சுலா அறைக்கு அழைத்தார். அடுத்த மாதம் நான் நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்தே இருந்தது. வேலை போனால், ஊரில் விட்டுவந்த மகளை இங்கே அழைத்துக்கொள்வதும் போச்சு.

"உன் வேலையில் குறையில்லை. எங்களைத்தான் உனக்குப் பிடிக்கவில்லை."

"ஐயோ, உங்கள்மேல் எனக்கு ரொம்ப மரியாதை" என்றேன், ஸீ போட்டு.

"பார், மறுபடியும்!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை கொடுத்ததற்கு யாராவது அழுவார்களா?

வேறு வழியில்லை. பேருந்திலும் குளியலறையிலும் டூ டூ என்று சொல்லிப் பழகினேன். ஆறாம் மாதம் வேலை நிரந்தரமானது. உர்சுலா கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் மதினிக்குப் போன் போட்டேன். என் அண்ணன் மனைவி. நான் கிளம்பிய நாள் முதல் என் மகளை வளர்ப்பவர்.

"வேல நெரந்தரமாயிருச்சு மதினி. பிள்ளைய நான் கூப்பிட்டுக்கிற வரைக்கும் நீ பாத்துக்க."



"நீயா?" என்றார் மதினி. "பிள்ளைய வளத்துக் குடுத்ததுக்கு, நான் ஒனக்கு வேலக்காரியாயிட்டேனா?"

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் இடைவேளையில், "மன்னிச்சிருங்க மதினி. சாப்ட்டீகளா?" என்று எழுதி அனுப்பினேன். பதிலில்லை. காப்பியோடு வந்த உர்சுலா எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கா?"

ஆமாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ உட்கார்" என்றேன். டூ பிசகில்லாமல் வந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.