உரிய வழியாகப் போன ஈரல்

ஓர் அலுவலகத்துக்கு வந்த கடிதத்துக்கு ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் தயாராகவில்லை என்றால், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரியாவது போக வேண்டும். இது விதி. முப்பது வருஷம் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த விதியைச் சொல்லியே எத்தனையோ குமாஸ்தாக்களின் தூக்கத்தைக் கெடுத்தவன் நான்.

போன வாரம் தபால்காரர் ஒரு கவரை நீட்டினார். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கட்டி.

வைகாசியில் ஒரு நாள் என் மனைவி சிவகாமி சேலை கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்கோ... விலாவுக்குக் கீழ எலுமிச்சங்கா மாதிரி என்னமோ தட்டுப்படுது." தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சங்காயேதான்.

ஈரலில் கட்டி என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். சும்மா இருக்கும் கட்டியா, பரவும் கட்டியா என்பது கையால் தொட்டுத் தெரியாதாம். ஊசி போட்டு நூல்போல ஒரு துணுக்கு எடுத்தார். மருந்துத் தண்ணீரில் போட்டு, சின்னக் குப்பியில் அடைத்து என்னிடம் தந்தார்.

"மெட்ராஸ்ல பரிசோதிக்கணும் சார். ஒரு ஆள் கையில குடுத்து அனுப்பிடுங்க. பரவுறதுன்னா ஆபரேஷன்தான். ஓரத்துல இருக்கு, இப்ப எடுக்கலாம். வளந்துட்டா முடியாது."

'இப்ப' என்றாரே, கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

எனக்கு வேறு கவலை. எங்கள் ஊர் திருவனந்தபுரத்து சர்க்காரின் கீழ்; ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறு மாநிலம், மெட்ராஸ் சர்க்கார். நம்முடைய பொருள் ஒன்று இன்னொரு சர்க்காரின் பரிசோதனைசாலைக்குப் போக வேண்டுமென்றால், திருவனந்தபுரத்து அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் ஒரு கடிதம் வைத்து அனுப்புவதுதானே முறை? உரிய வழி! அப்படி வராத தாள்கள் எத்தனையைத் திருப்பி அடித்திருக்கிறேன்... குப்பியைப் பஞ்சில் பொதிந்து, மூன்று பிரதி மனுவோடு, பதிவுத் தபாலில் வடக்கே போக வேண்டியதை மேற்கே அனுப்பினேன். கையெழுத்துக்குக் கீழே என் பழைய பதவியைப் போட்டு, பக்கத்தில் 'ஓய்வு' என்றும் எழுதினேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். மூன்று...

மைத்துனன் தாணு வந்தான். "அத்தான், அருமனை ஊருல ஒரு ஆசான் உண்டு. கத்தியே வேண்டாம்." எங்கள் பக்கத்தில் ஆசான் என்றால் நாட்டு வைத்தியர். போனோம். கண்ணை மூடி நாடி பார்த்தார்.

"பேடிக்காண்டாம், பயம் வேண்டாம் சாறே. நாப்பத்தோரு நாளு கஷாயம். உப்பு, புளி, மீனு கூடாது."

"மீனா?" என்றாள் சிவகாமி. "அதுக்கு நான் பொறந்த அன்னையிலேருந்தே பத்தியம்லா ஆசானே!"

எல்லோரும் சிரித்தோம். அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை நெடுக்காக மடித்தேன். இந்தப் பக்கம் கத்தி, அந்தப் பக்கம் கஷாயம். இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தேன் — இப்படி எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்?

டாக்டர் சொன்னது: "மூணு பேர அனுப்பினேன் சார். ஒருத்தர் மேசையிலேயே போயிட்டார். ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். இன்னொருத்தர் இருக்கார்."

ஆசான் சொன்னது: "நான் எண்ணினதில்ல சாறே. கொணமானவன் வாழப் பழக்குலை கொண்டுவருவான். மத்தவன் வரமாட்டான்."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். என் பயமே அதுதான். ஒருவர் போனவர்களையும் சேர்த்து எண்ணுகிறார். மற்றவருக்குத் திரும்பி வந்தவர்களை மட்டும்தான் தெரியும். ஆனாலும் நம் மனம் எங்கே போய் நிற்கிறது? பழக்குலைக்குப் பக்கத்தில்தான்!

கஷாயம் கொடுக்கலாமா என்று டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

"அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண நோயாளி ஈரலுக்கு அனுப்பாதீங்க. அது சரி... மெட்ராஸ் என்ன சொல்லுது?"

குப்பி திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கையில குடுத்து அனுப்பச் சொன்னேனே சார்..." அதற்குள் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வீட்டில் சிவகாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தாணுவும் இருந்தான். சொன்னேன்.

"நான் இங்க இருக்கேன்... எனக்க ஈரல் திருவனந்தபுரத்துல இருக்கா?"

"ஈரல் இல்லட்டி, ஒரு துணுக்கு."

"அங்க எதுக்குப் போச்சு?"

"அதுதான் முறை."

"அப்பம் உங்க ஈரல அனுப்பியிருக்கப்பிடாதா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே தாணு, பொறப்படு. அந்தக் குப்பிய வாங்கி மெட்ராசுல கொண்டு குடு. கஷாயம் பொறவு பாப்போம். என்ன கட்டின்னே தெரியாம எதக் குடிச்சு என்னத்துக்கு?"

நான் தாளை மடித்து எடைபோட்ட விஷயத்தைக் கீரை உருவி முடிப்பதற்குள் தீர்த்துவிட்டாள்.

குப்பி ஓர் அலமாரியில், என் மனுவின்மேல் பாரம்போல உட்கார்ந்திருந்ததாம். உத்தரவு இல்லாமல் தர முடியாது என்றாராம் குமாஸ்தா. (விதிப்படி அவர் சொன்னது சரி.) "அது எனக்க அக்காவுக்க ஈரலு, வே!" என்று தாணு போட்ட சத்தத்தில் கைக்கு வந்ததாம். ஆறாம் நாள் மெட்ராசிலிருந்து அவன் தந்தி. பரவும் கட்டி. உடனே அழைத்து வரவும்.

அங்கே ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சிவகாமி என் கையைப் பிடித்தாள். "மூணுல ஒருத்தரு இருக்காருன்னு சொன்னாருல்லா... அவரு பேரு என்ன?"

தெரியவில்லை என்றேன்.

"கேட்டு வச்சிருக்கப்பிடாதா?"

மூன்று மணி நேரம். வெளியே வந்த சர்ஜன், எடுத்தாகிவிட்டது, ஆனால் கட்டி வெட்டிய விளிம்புக்குக் கிட்டவே வந்துவிட்டது என்றார். ஒரு மாதம் முன்னால் என்றால் நிம்மதியாகச் சொல்லியிருப்பாராம். இனி ஆறு மாதம் போனால்தான் சொல்ல முடியுமாம். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார்.

"தபால்," என்றேன். சர்வீஸில் ஒரு பொய்க் குறிப்பும் எழுதாதவன் நான்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். அரை அகப்பை கஞ்சி இறங்குகிறது. அவள் கை விலாப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண்ணும் கூடவே போகிறது. ஆசான் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மருந்து எதுவும் சொல்லவில்லை. பழக்குலை அவர்தான் கொண்டுவந்தார்.

அந்தக் கவர்? திருவனந்தபுரத்திலிருந்து. பிரித்தேன். ஒரே வரி: 'மேற்படி பொருள் பரிசீலனையில் உள்ளது.'

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் கட்டிலில் இருந்தபடியே. வாசித்தேன்.

"ஃபைல்ல போட்டு வையுங்கோ," என்றாள். "எனக்க ஈரலும் அப்படித்தான இருக்கு."

வந்த கவரின்மேல், வந்து சேர்ந்த தேதியைக் குறிக்க வேண்டும். அதுவும் விதி. குறித்தேன் — ஆவணி பதினெட்டு.